அம்மாவின் பிஸ்கட் டின்: உதவியுடன் வாழும் முதியவர்களின் கடை மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளாக உதவியுடன் வாழும் குடியிருப்பு ஒன்றில் தனி அறையில் இருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு வாரம் அவருக்கு நாள், கிழமை எல்லாம் குழம்பிப்போனது. மதியம் மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்து, "இன்னும் விடியலையே, பால்காரன் வரலையா?" என்று கேட்டார். சிங்கப்பூரில் பால்காரன் வந்து எத்தனை வருடம் ஆகிறது! மறதிநோய் தொடங்குகிறதோ என்று அங்கிருந்த ஊழியர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் அதே பயம்தான்.

காரணம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. சளிக்கென்று நான் வாங்கிக் கொடுத்திருந்த மாத்திரை ஒன்று. "இதப் போட்டா நல்லாத் தூக்கம் வரும்" என்று பக்கத்து அறைப் பாட்டி கொடுத்த சின்ன மஞ்சள் மாத்திரை இன்னொன்று. இரண்டிலும் இருந்தது குளோர்பெனிரமின் என்ற ஒரே ஒவ்வாமை மருந்து. டாக்டரிடம் சொல்லி இரண்டையும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் அம்மா பழைய அம்மாவாகி, சாம்பாரில் உப்பில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார்.

டாக்டரிடம் ஒரு பட்டியல் இருந்தது, டின்னுக்குள் இன்னொரு பட்டியல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமே இல்லை. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கும் வேலைதான். நான் மருத்துவர் இல்லை. மருந்தாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 1: அந்த இடத்தில் மருந்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்

தாதிமை இல்லத்தில் மருந்து பெரும்பாலும் தாதியர் கையில் இருக்கும். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுப்பார்கள், எழுதி வைப்பார்கள். உதவியுடன் வாழும் இடம் அப்படியல்ல. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த, 65 வயதைத் தாண்டியவர்களுக்கான சமூகப் பராமரிப்பு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேர அவசர உதவி உண்டு. ஆனாலும் அது அவர்களுடைய சொந்த வீடு. அலமாரியைத் திறந்து பார்க்க யாரும் வரமாட்டார்கள். தனியார் இல்லங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறை. சில இடங்களில் கட்டணம் கட்டினால் மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள், சில இடங்களில் நினைவூட்டுவதோடு சரி.

அதனால் மேலாளரிடம் மூன்று கேள்விகளை நேராகக் கேட்டுவிடுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை யார் எடுத்துக் கொடுப்பது? குடியிருப்பவர் தானே கடையில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை உங்கள் பதிவில் எழுதுவீர்களா? தலைவலி என்று அம்மா கேட்டால் ஊழியர் தாமாக மாத்திரை கொடுப்பாரா, கொடுத்தால் எங்கே குறிப்பார்? இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கொஞ்சம் தடுமாறும்.

படி 2: டின்னைத் திறக்கச் சொல்வது எப்படி

மற்ற படிகளைவிட இதுதான் கடினம். மருந்துப் பெட்டி என்பது வயதானவர்களுக்குக் கடைசியாக மிஞ்சியிருக்கும் சொந்த நிர்வாகம். வீடு போய்விட்டது, சமையலறை போய்விட்டது, தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகும் சுதந்திரமும் போய்விட்டது. எந்த வலிக்கு எதைப் போடுவது என்ற முடிவு மட்டும் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. நாம் போய்ச் சோதனை போடுகிற மாதிரி நின்றால் டின் இடம் மாறும், அவ்வளவுதான்.

முதல் தடவை நான் செய்தது அந்தத் தவறுதான். "அம்மா, என்னென்ன மருந்து வெச்சிருக்கீங்க, எல்லாத்தையும் காட்டுங்க" என்றேன். "ஒண்ணுமில்லடி, தைலம் மட்டுந்தான்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"அம்மா, எனக்கு முட்டி வலிக்குது. நீங்க எதப் போடுறீங்க?"

டின் தானாகவே வெளியே வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை வந்தது. இது உன் மாமா திருச்சியிலிருந்து கொண்டு வந்தது, இது ஜோகூர் போனபோது வாங்கினது, இது 14ஆம் நம்பர் அறை ஆன்ட்டி கொடுத்தது. அந்தக் கதைகளைக் குறுக்கிடாமல் கேளுங்கள். எதற்காகப் போடுகிறார், எத்தனை போடுகிறார் என்பதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். "இதையெல்லாமா போடுறீங்க!" என்று முகம் சுளித்தால் அடுத்த பொருள் வெளியே வராது.

மாத்திரையை மட்டும் தேடாதீர்கள். தைலம், பிளாஸ்டர், சொட்டு மருந்து, சூரணம், கஷாயப் பொடி, லேகியம், தண்ணீரில் கரையும் மாத்திரை, மூலிகைத் தேநீர் எல்லாமே கணக்கில் வரவேண்டும். நம் ஆட்களிடம் "மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் அதிமதுரப் பொடியைச் சொல்லமாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. கைப்பை, தலையணை உறை, சாமி அலமாரி இவற்றையும் மறக்காதீர்கள். விபூதி டப்பாவுக்குப் பின்னால் நான் இரண்டு அட்டை மாத்திரை கண்டெடுத்திருக்கிறேன்.

படி 3: மேசையில் பரப்புங்கள்

பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். பெயர் தெரியாத உதிரி மாத்திரை, காலாவதியானது, நிறம் மாறியது, வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டது எல்லாம் ஒரு பக்கம் போகட்டும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் குளியலறை அலமாரியில் வைத்த மாத்திரை தேதிக்கு முன்பே கெட்டுப்போகலாம். தூக்கிப் போடுவது எளிது: ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடலாம், இங்கே குப்பை எரிக்கப்படுகிறது. கழிவறையில் கொட்டவேண்டாம். அம்மாவின் கண் முன்னால், அவர் சம்மதத்தோடு போடுங்கள்.

இன்னொன்று. கண் சொட்டு மருந்தையும் சின்னத் தைலக் குப்பியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கண் மங்கியவர்களுக்கு இரவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

படி 4: ஒரே பட்டியல் எழுதுங்கள்

ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். டாக்டர் எழுதியதும் கடையில் வாங்கியதும் பக்கம் பக்கமாக வரவேண்டும். பிராண்டு பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அதன் மில்லிகிராம் அளவையும் எழுதுவது முக்கியம். 'பனடோல்', 'டோலோ', 'குரோசின்' என்று மூன்று பெயர் எழுதினால் மூன்று மருந்து மாதிரி இருக்கும். மூன்றுக்கும் நேரே 'பாராசிட்டமால்' என்று எழுதிப் பாருங்கள், விஷயம் சட்டென்று புரியும். எவ்வளவு, எப்போது, எதற்காக, யார் சொல்லி என்ற நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எதற்காக' என்ற இடத்தில் அம்மா சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். 'கால் குடைச்சல்' என்று எழுதியதைப் பார்த்துத்தான் மருந்தாளர் எங்களிடம் வேறு ஒரு கேள்வி கேட்டார். கொழுப்பு மாத்திரையால் வரும் தசைவலியாக இருக்குமோ என்று.

ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் பொது மருத்துவமனையும் பலதுறை மருந்தகமும் கொடுத்த மருந்துகளைப் பார்க்கலாம். அம்மா சம்மதித்தால் உங்களைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. ஆனால் கடையில் வாங்கியது எதுவும் தானாக அதில் வராது. தாளை எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு பிரதி அறைக் கதவுக்குப் பின்னால், ஒன்று மேலாளரிடம், ஒன்று உங்கள் கைப்பேசியில் படமாக.

படி 5: மருந்தாளரிடம் கொண்டுபோங்கள்

பட்டியலோடு பொருட்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்கும் நாளில் அங்கேயுள்ள மருந்தாளரிடம் கேட்கலாம். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்த குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி போன்ற கடைகளில் மருந்தாளர் பணியில் இருக்கும் நேரத்தை முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். காசாளரிடம் கேட்டு வாங்கிவருவதும் மருந்தாளரிடம் கேட்பதும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. டாக்டர் சீட்டு வேண்டியது, மருந்தாளரிடம் மட்டும் வாங்கக்கூடியது, யாரும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. மருந்தாளர் இல்லாத நேரத்தில் நடு வகையை விற்கமாட்டார்கள். அதை வாங்கும்போது அவர் கேட்கும் கேள்விகள் தொல்லையாகத் தெரியலாம். "டின்ல என்ன இருக்கு?" என்று கேட்கும் வாய்ப்புள்ள ஒரே ஆள் அவர்தான், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

சத்து மாத்திரைகளின் கதை வேறு. அவை கடைக்கு வருவதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றையும் மருந்தைப்போலச் சோதித்து அனுமதிப்பதில்லை. தரத்துக்குப் பொறுப்பு விற்பவருடையது. பெரிய கடையில் வெளிச்சமான அலமாரியில் இருக்கிறதே என்பது அத்தாட்சி ஆகாது.

மருந்தாளரிடம் கேட்க மறக்கக்கூடாத ஒரு விஷயம் சிறுநீரகம். வயதாக ஆக அதன் வேகம் குறையும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈஜிஎஃப்ஆர் என்று ஓர் எண் இருக்கும். அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதில் ஒத்துக்கொண்ட வலிமாத்திரை எண்பதில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த எண்தான் பாதிப் பதில்.

படி 6: எங்கே இடறுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாராசிட்டமாலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது நல்ல மருந்து. வயதானவர்களின் சாதாரண வலிக்கு முதலில் சொல்லப்படுவதும் அதுதான். சிக்கல் கூட்டலில் வருகிறது. ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையும் மதியமும் ஊரிலிருந்து வந்த 650 மில்லிகிராம் மாத்திரை ஒவ்வொன்று: 1,300. முதுகுவலிக்கு டாக்டர் கொடுத்த அனரெக்ஸ் இரண்டிரண்டாக மூன்று வேளை. அதில் மாத்திரைக்கு 450 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது, ஆக 2,700. இரவில் பனடோல் இரண்டு: 1,000. மொத்தம் 5,000. ஆரோக்கியமான பெரியவருக்கே நாளொன்றுக்கு 4,000தான் எல்லை. மெலிந்த உடம்பு, கல்லீரல் கோளாறு, சரியாகச் சாப்பிடாதவர் என்றால் டாக்டர் இன்னும் குறைவாகவே சொல்வார். இதில் ஒரு மாத்திரைகூடத் தவறாகப் போட்டது என்று சொல்லமுடியாது, கூட்டிப் பார்க்காததுதான் தவறு. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள். ஊரிலிருந்து வரும் காம்பிஃப்ளாம், வோவெரான் இந்த வகைதான். வயிற்றில் புண், இரத்தக் கசிவு, இரத்த அழுத்தம் ஏறுவது, காலில் நீர் கோர்ப்பது எல்லாம் வரலாம். இவற்றைவிட எனக்குப் பயம் தருவது ஒரு கூட்டணி. லொசார்டன், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்து ஒன்று, நீர் போவதற்கான மாத்திரை ஒன்று, அவற்றோடு இந்த வலிமாத்திரை. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காத நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். முதல் இரண்டையும் டாக்டரே எழுதியிருப்பார், மூன்றாவது டின்னிலிருந்து வரும். இதயத்துக்காகத் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு, இபுப்ரோஃபென் அந்த ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கக்கூடும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் டின்னில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் சந்தேகத்துக்குரியது. ஜின்கோ, ஜின்செங், மஞ்சள் கேப்ஸ்யூல், குளுக்கோசமைன், அதிக அளவு மீன் எண்ணெய், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தைலத்தையும்தான். மீத்தைல் சாலிசிலேட் கலந்த தைலத்தையோ பிளாஸ்டரையோ தினமும் உடம்பு முழுக்கத் தேய்த்தால் அது தோல் வழியே உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டலாம். கோடாலித் தைலத்தையோ வேறெதையோ நெற்றியில் ஒரு துளி வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை, அதைப் பிடுங்கினால் எந்தப் பாட்டியும் மன்னிக்கமாட்டார். ஆனால் 'வாயு போகும்' என்று வெந்நீரில் தைலத்தைச் சொட்டிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தியே ஆகவேண்டும்.

சளி, அரிப்பு, தூக்கத்துக்குப் போடும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள்: குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின். அம்மாவைக் குழப்பியது இந்த வகைதான். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்டுப் புதுப்பித்துவரும் 'பியர்ஸ்' பட்டியலில் இவை முதியவர்கள் தவிர்க்கவேண்டியவை என்றே இருக்கின்றன. வாய் உலரும், மலம் கட்டும், தலை சுற்றும், இரவில் கழிவறைக்கு எழும்போது விழவும் நேரும். புரோஸ்டேட் வீங்கிய தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் சிறுநீர் அடைப்போடு இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அரிப்புக்குத் தூக்கம் அதிகம் வராத புதிய வகை மாத்திரைகள் உண்டு, மருந்தாளரைக் கேளுங்கள்.

வயிறு. நம் வீடுகளில் ஈனோ இல்லாத அலமாரி அபூர்வம். அதில் சோடியம் அதிகம். உப்பைக் குறைக்கச் சொன்ன இதய நோயாளி தினமும் அதைக் குடித்தால் பத்தியச் சாப்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. தண்ணீரில் கரையும் மாத்திரைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். மலச்சிக்கலுக்கு நிலாவரை சேர்ந்த பொடியை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லவேண்டும், பொட்டாசியம் குறையலாம். டல்கோலாக்ஸ் மாத்திரையைச் சூடான பாலோடு விழுங்கும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. அதன் மேலுறை குடலில் போய்த்தான் கரையவேண்டும். பால் அதை வயிற்றிலேயே கரைத்துவிடும், பிறகு வலிதான். ஈசப்கோல் நல்லது, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க முடிந்தால்.

இனி நம்ம வீட்டு வைத்தியம். இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும், அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: சுக்கு, மிளகு, துளசியைச் சமையல் அளவில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் சிறுகுறிஞ்சான் உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. அதனால்தான் நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சீந்தில் கொடி, அமுக்கரா இரண்டும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பற்பம், செந்தூரம் சேர்ந்தவற்றில் ஈயம், பாதரசம் இருக்கலாம். யார் செய்தது, என்ன சேர்ந்தது என்று எழுதாத பொட்டலத்தை எவ்வளவு வேண்டியவர் கொடுத்திருந்தாலும் நான் அம்மாவுக்குக் கொடுப்பதில்லை. மருந்தில் குணம் இருக்கிறது என்று நம்பினால், அந்தக் குணம் இன்னொரு மருந்தோடு மோதும் என்பதையும் சேர்த்து நம்பத்தானே வேண்டும்?

சத்து மாத்திரைகளில் நான் அதிகம் எச்சரிப்பது வைட்டமின் டி பற்றி. இந்தியாவில் 60,000 அலகு கொண்ட கேப்ஸ்யூலையோ பொடியையோ வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பார்கள். இங்கே வந்ததும் அது மற்ற மாத்திரைகளோடு சேர்ந்து தினசரி ஆகிவிடும். சில வாரம் இப்படிப் போனால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகலாம். அட்டையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டவைக்கும், தைராய்டும் மாரடைப்புச் சோதனையும் அதில் சேர்த்தி. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் கொழுப்பு மாத்திரையில் இருக்கும் அதே வகை மருந்து இயற்கையாகவே உண்டு. ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இரட்டை அளவு. மறுபக்கம், உண்மையிலேயே தேவைப்படும் சத்தும் உண்டு. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும், பாலும் குறைத்துவிட்ட சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறையலாம். அதைச் சோதித்துப் பார்த்து டாக்டர் கொடுக்கட்டும். சைவம் என்றதும் நினைவுக்கு வருகிறது: கேப்ஸ்யூல் உறை பல சமயம் மாட்டு ஜெலட்டின். அது தெரிந்த நாளில் அம்மா மூன்று டப்பாவைத் தானே தூக்கிப் போட்டார். நான் ஆறு மாதம் சொல்லி நடக்காதது!

படி 7: புதிதாக உள்ளே வருவதைக் கவனியுங்கள்

டின் காலியானால் மறுபடி நிறையும். நான்கு வழிகளில் நிறைகிறது: பிள்ளைகள், பக்கத்து அறை, ஊர்ப் பயணம், இணையம்.

பிள்ளைகளாகிய நாம்தான் முதல் குற்றவாளி. வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது என்று விலைச்சலுகையில் கிடைத்த வைட்டமின் டப்பாவோடு வருவோம். பழம் வாங்கிப் போங்கள். பக்கத்து அறைக்காரரின் மாத்திரையை எப்படி மறுப்பது என்று அம்மாவுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "என் மக கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லியிருக்கா." பழியை நான் வாங்கிக்கொள்கிறேன், நட்பு கெடாமல் இருக்கட்டும்.

ஊரிலிருந்து வருபவர்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குள் மருந்து கொண்டுவரலாம். சிலவகைத் தூக்க மாத்திரைகளுக்கும் கடுமையான வலிமாத்திரைகளுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். விவரம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. அனுப்புபவரிடம், வாங்குவதற்கு முன் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இணையத்தில் விற்கும் 'முழுக்க மூலிகை' மூட்டுவலி மருந்துகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. சோதித்துப் பார்த்தால் உள்ளே டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. பத்து வருட முட்டிவலி இரண்டு நாளில் மாயமானால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். முகம் உப்புவது, எளிதில் கன்றிப்போவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் அறிகுறிகள். அப்படிப்பட்டதைப் பல வாரம் சாப்பிட்டிருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

படி 8: நேரம் பிரியுங்கள்

சரி, எது இருக்கலாம் என்று முடிவாகிவிட்டது. எல்லாவற்றையும் காலையில் ஒரே கை நிறைய விழுங்குவது அடுத்த பிரச்சினை. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புச்சத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். கால்சியமும் இரும்பும் ஒரே வேளையில் வேண்டாம். இரும்புச்சத்தைக் கோப்பியோடு விழுங்கினால் பாதி வீண். அமிலம் குறைக்கும் மருந்தும் சில கிருமிக்கொல்லிகளும் (ஆன்டிபயாட்டிக்) சேராது.

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வசதிதான். ஆனாலும் எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உரித்துப் போடமுடியாது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டபிகாட்ரான் போன்றவை அவற்றின் சொந்த உறையிலேயே இருக்கவேண்டும். விழுங்க முடியவில்லை என்று எதையும் பொடிப்பதற்கு முன் கேளுங்கள்.

படி 9: மாறுதல் தெரிந்தால்

வயதானவரிடம் புதிதாக எது தென்பட்டாலும், திடீர்க் குழப்பம், விழுவது, பசியின்மை, காலில் வீக்கம், எதுவானாலும் என் முதல் கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் டின்னுக்குள் புதிதாக என்ன போனது? எப்போதும் காரணம் அதுவாக இருக்காது. ஆனால் கேட்கச் செலவில்லை.

சிலவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது. தார் போன்ற கறுப்பு மலம் உள்ளே இரத்தக் கசிவாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் எது என்று நீங்களே தீர்மானிக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தால், மூச்சுத் திணறினால், எழுப்ப முடியாதபடி மயங்கினால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். நெஞ்செரிச்சல் என்று ஈனோ கேட்பவருக்கு வியர்த்துக்கொட்டி, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினாலும் அதே எண். ஆம்புலன்ஸ் வந்ததும் கதவுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலைக் கையில் கொடுங்கள்.

அறுவைச் சிகிச்சை என்று தேதி குறித்தால், கண்புரை என்றாலும்கூட, சத்து மாத்திரைகளையும் மூலிகைகளையும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றும் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். பழைய மருந்தும் அதற்குப் பதிலாகக் கொடுத்த புது மருந்தும் ஒரே டின்னில் சந்திப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டின்னை மேசையில் கொட்டுகிறோம். அம்மாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் படிப்பார். அடுத்த மாதம் மாமா திருச்சியிலிருந்து வருகிறார். போனில் அம்மா அவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "முறுக்கு மட்டும் கொண்டாப்பா, மாத்திரையெல்லாம் வேணாம். கொண்டாந்தா அத போட்டோ எடுக்கணும், எழுதணும், யாருக்காகும் அந்த வேல!"